பழைய தொழில்நுட்பத்தில் புதுமை கண்ட குன்பெய் யொகோய்

ஒவ்வொரு புதிய வீடியோ கேம் கருவியும் ஏதோவொரு புதிய அம்சத்தைச் சுமந்துகொண்டுதான் சந்தைக்கு வருகின்றது. 2025 யூன் மாதம் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இன் கைப்பிடிகளைக் கழற்றி, மேசையில் வைத்து, கணினி மவுஸைப் போல நகர்த்தி விளையாடலாம். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக வந்த பிளேஸ்டேஷன் 5 இன் விசைகள், அழுத்தும் விரலைத் திருப்பித் தள்ளும். பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் கடன் அட்டையை எடுக்கிறார்கள். இது உண்மையான கண்டுபிடிப்பா, அல்லது காசு கறக்கும் வித்தையா என்ற கேள்வி கடைக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றது.

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதுமே பதிலாக இருக்கின்றது. உலகெங்கும் கோடிக்கணக்கான கைகள் இன்று பயன்படுத்தும் ஒரு பொத்தானை உருவாக்கியவர் அவர். வீடியோ கேம் வரலாற்றில் அதிகம் எள்ளி நகையாடப்பட்ட கருவிகளில் ஒன்றை உருவாக்கியவரும் அவர்தான். பெயர் குன்பெய் யொகோய்.

1941 செப்டெம்பர் 10 ஆம் திகதி ஜப்பானின் கியோட்டோ நகரில் யொகோய் பிறந்தார். அதே நகரிலுள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்தார். பெரிய நிறுவனங்களில் வேலை கிடைக்கவில்லை. 1965 இல், வீட்டுக்கு அருகிலேயே இருந்த ஒரு சீட்டுக்கட்டுக் கம்பனியில் சேர்ந்தார். 1889 இல் தொடங்கப்பட்டு, ஹனஃபுடா எனப்படும் பூப்படச் சீட்டுகளை அச்சிட்டு வந்த அந்தக் கம்பனியின் பெயர் நின்டெண்டோ. அப்போது அங்கு இலத்திரனியல் என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பழுதின்றி வைத்திருப்பதே அவருடைய வேலை. இயந்திரங்கள் அவ்வளவாகப் பழுதாகவில்லை. எனவே பொழுது போகவில்லை.

அந்தச் சும்மா இருந்த நேரத்தில், கத்தரிபோல் மடிந்து நீளும் சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி, தூரத்தில் இருப்பதை எட்டிப் பிடிக்கும் ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். கம்பனியின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாடியதற்கு ஏச்சு விழும் என்று எண்ணிக்கொண்டு தலைவரின் அறைக்குள் போன யொகோய், அதை விற்பனைக்குரிய விளையாட்டுப் பொருளாக்கும்படி உத்தரவு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். 1966 இல் 'அல்ட்ரா ஹாண்ட்' என்ற பெயரில் வெளிவந்த அது ஒரு மில்லியனுக்கும் மேல் விற்றது. பராமரிப்புப் பொறியியலாளர் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்து வந்தவற்றுள் 1969 இன் 'லவ் டெஸ்டர்' கவனிக்கத்தக்கது. ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, மற்றக் கைகளில் ஆளுக்கொரு உலோகக் குண்டைப் பிடிக்க வேண்டும். கருவியின் முள் அவர்களுடைய காதலின் அளவைக் காட்டும். உண்மையில் அது காட்டியது, இரு உடல்களினூடாகப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டுமே. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கும் கல்வனோமானிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கலப்படமற்ற ஏமாற்று வித்தை என்றே சொல்லலாம். ஆனால், பெண்ணின் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்ட இளைஞர்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அதை இந்தக் கருவி கொடுத்தது. யொகோயின் நோக்கமும் அதுவே.

1970 இல் வந்த ஒளித் துப்பாக்கி இன்னும் சுவையானது. ஷார்ப் நிறுவனம் அப்போது சூரியக் கலங்களை விற்க முயன்றுகொண்டிருந்தது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கான பொருள் அது. யொகோய் அதைத் துப்பாக்கியின் இலக்காக மாற்றினார். துப்பாக்கியிலிருந்து புறப்படும் ஒளி கலத்தில் விழுந்தால் மின்சாரம் பிறக்கும், பொம்மைப் போத்தல் சிதறி விழும். இந்த வேலையில் உடனிருந்த ஷார்ப் நிறுவனத்தின் மசயுகி உயெமுரா பின்னர் நின்டெண்டோவில் சேர்ந்து, 1983 இல் வந்த ஃபமிகொம் கருவியை வடிவமைத்தார். துப்பாக்கியைப் பெரிதாக்கி, கைவிடப்பட்ட பௌலிங் கூடங்களில் சுடும் களங்கள் அமைத்தார்கள். 1973 இன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் வாங்க இருந்தவர்கள் பின்வாங்க, கம்பனி கடனில் மூழ்கியது.

யொகோய் பிற்காலத்தில் தன் வழிமுறைக்கு ஒரு பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் அது 'வாடிய' தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது என்று பொருள்படும். வாடியது என்றால் செத்தது அல்ல. எல்லோரும் பயன்படுத்தித் தேர்ந்து, குறைகள் எல்லாம் வெளியே வந்து, விலையும் விழுந்துவிட்ட தொழில்நுட்பம். அதை எதற்காகச் செய்தார்களோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்துவதே அவருடைய சூத்திரம். புதியது வேண்டும் என்பதற்காகப் புதிய பாகத்தைத் தேடிப் போவதை அவர் விரும்பவில்லை. எமது ஊர்களில் பழைய ரயரில் செருப்பும் வாளியும் செய்தவர்களுக்கு இந்தச் சிந்தனையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இதன் சிறந்த விளைவு ஒரு புகையிரதப் பயணத்தில் பிறந்தது. கடுகதி ஷின்கான்சென் புகையிரதத்தில், சலிப்பு மிகுந்த ஓர் அலுவலர் தன்னுடைய கல்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே அழுத்திப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்ததை யொகோய் கண்டார். பின்னர் ஒருநாள், தலைவரின் சாரதி வராதபடியால், அவருடைய வெளிநாட்டுக் காரை ஓட்டும் வேலை யொகோய்க்கு வந்தது. வழியில் பேச்சுவாக்கில், கல்குலேட்டர் அளவில் ஒரு விளையாட்டுக் கருவி செய்யலாம் என்றார். யமவுச்சி அதிகம் பேசவில்லை. ஆனால் சில நாட்களில் ஷார்ப் நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் நின்டெண்டோவுக்கு வந்து நின்றார்கள். கல்குலேட்டர் சந்தை நிரம்பி வழிந்த காலம் அது. திரவப் பளிங்குத் திரைகளும் சில்லுகளும் மலிந்து கிடந்தன.

1980 ஏப்ரலில் 'கேம் அண்ட் வோட்ச்' வரிசையின் முதற்கருவி வெளிவந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. விளையாடாதபோது மணிக்கூடாக இருக்கும். வளர்ந்தவர் ஒருவர் அதை வைத்திருப்பதற்கு அந்த மணிக்கூடு ஒரு மரியாதையான காரணம். பொத்தான்கள் இரு பெருவிரல்களுக்கும் எட்டும் இடத்தில் இருந்தன. மடியில் கைகளைக் கோத்து வைத்திருப்பதைப் போலவே பாவனை காட்டிக்கொண்டு விளையாடலாம். அந்த வரிசை மொத்தமாக 43 மில்லியனுக்கும் அதிகமாக விற்றது. கம்பனியின் கடன் தீர்ந்தது.

1982 இல் இதே வரிசையில் 'டொங்கி கொங்' விளையாட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைகளில் வைத்திருந்த பெரிய இயந்திரத்தில் அந்த விளையாட்டை ஆடுவதற்கு ஜோய்ஸ்டிக் இருந்தது. புத்தகம்போல் மூடும் சிறிய கருவியில் மேலே துருத்தி நிற்கும் குச்சியை வைக்க முடியாது. நான்கு தனித்தனிப் பொத்தான்களை வைத்தால், எதில் விரல் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். யொகோய் நான்கையும் ஒன்றாக இணைத்துக் கூட்டல் குறி வடிவில் ஒரே தட்டாக்கினார். நடுவில் பெருவிரலை வைத்து எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தத் திசை. கண் திரையிலேயே இருக்கும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடக்கூடிய அம்சம் அல்ல இது. ஒரு பிளாஸ்டிக் துண்டு, சில சதம் பெறுமதி. ஆனாலும் அடுத்த ஆண்டே ஃபமிகொம் கருவியின் கைப்பிடிக்கு அது போனது. பின்னர் போட்டி நிறுவனங்களும் அதே திசைத் தட்டின் வெவ்வேறு வடிவங்களைத் தங்கள் கருவிகளில் பொருத்தின. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் சோனி, மைக்ரோசொஃப்ட் கைப்பிடிகளின் இடப்பக்கத்தில் அது இருக்கின்றது. ஒரு புதுமை வித்தையா, உண்மையா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். அதைச் செய்தவர் சந்தையை விட்டுப் போன பின்னரும், அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்களா?

இதற்கு நேர்மாறான உதாரணமும் யொகோயிடமே இருக்கின்றது. 1983 இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. விற்காத விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. அதன் பின்னர் வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஃபமிகொம் கருவியை அங்கு விற்க விரும்பிய நின்டெண்டோ, 1985 இல் அதனுடன் ஒரு சிறிய இயந்திர மனிதனையும் பெட்டிக்குள் வைத்தது. தொலைக்காட்சித் திரையில் தோன்றும் ஒளிச் சிமிட்டல்களைக் கண்களால் உணர்ந்து கையை அசைக்கும் பொம்மை. அதை வடிவமைத்தவர் யொகோய். மகா மந்தம். அதற்கென்று இரண்டே இரண்டு விளையாட்டுகள் மாத்திரம் வந்தன. சில மாதங்களில் பிள்ளைகள் அதை மூலையில் போட்டார்கள்.

ஆனால் கடைக்காரர்களுக்கு அது ஒரு விளையாட்டுப் பொம்மையாகத் தெரிந்தது, வீடியோ கேமாகத் தெரியவில்லை. கதவு திறந்தது. உள்ளே போன பின்னர் இயந்திர மனிதனை யாரும் தேடவில்லை, மாரியோவைத்தான் தேடினார்கள். அந்த மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமொட்டோ, 1981 இல் 'டொங்கி கொங்' விளையாட்டை யொகோயின் மேற்பார்வையில் செய்த இளைஞர். வித்தை என்று தெரிந்தே செய்த வித்தை அந்த இயந்திர மனிதன். வாங்கியவருக்கு அது உதவவில்லை, விற்றவருக்கு உதவியது. இன்றும் பல புதிய அம்சங்களின் கதை இதுதான்.

1989 ஏப்ரல் 21 ஆம் திகதி 'கேம்போய்' வெளிவந்தது. யொகோயின் தலைமையில், சதொரு ஒகாடா போன்ற பொறியியலாளர்கள் உழைத்து உருவாக்கியது. விலை 12,500 யென். நிறம் இல்லை. பச்சை மங்கலான திரையில் நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை. அந்தத் திரையே அவரை ஒருமுறை நிலைகுலைய வைத்தது. தயாரிப்பு ஏற்பாடுகள் தொடங்கிவிட்ட நிலையில் மாதிரியைத் தலைவரிடம் காட்டியபோது, சற்றே சாய்த்துப் பிடித்தால் எதுவும் தெரியவில்லை. யமவுச்சி திட்டத்தையே நிறுத்தப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்தும் தெரியக்கூடிய வேறு வகைத் திரவப் பளிங்குக்கு மாறித்தான் கருவி பிழைத்தது.

அதே ஆண்டு அமெரிக்காவில் அட்டாரியின் 'லிங்ஸ்' வந்தது. 1990 இல் சேகாவின் 'கேம் கியர்' வந்தது. இரண்டிலும் நிறத் திரை, பின்னொளி. கடையில் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும் கேம்போய் தோற்கும் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் அவை இரண்டும் ஆறு பென் பற்றரிகளை விழுங்கி நான்கைந்து மணித்தியாலத்தில் அணைந்துவிடும். கேம்போய் நான்கு பற்றரிகளில் 15 மணித்தியாலம் வரை ஓடியது.

பற்றரி என்பதன் பெறுமதியை எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 க்குப் பின்னர் வடக்கில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை நிறுத்தி வைத்து, மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இது. எங்கோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பற்றரி தாராளமாகக் கிடைத்த நாடுகளில்கூட, எட்டு வயதுப் பிள்ளையின் கைச்செலவுக் காசில் ஆறு பற்றரி அடிக்கடி வாங்க முடியாது என்பதை யொகோய் கணக்கில் எடுத்திருந்தார். நிறம் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரைக் கவரும். விளையாட்டில் ஆழ்ந்துவிட்டவருக்கு நிறம் மறந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. கரும்பலகையில் கோடுகளால் வரைந்த பனிமனிதனை யாரும் கறுப்பு என்று நினைப்பதில்லை அல்லவா?

கேம்போயும் அதன் பின்வந்த நிறத்திரை வடிவமுமாகச் சேர்த்து 118 மில்லியனுக்கும் மேல் விற்றன. வளைகுடாப் போரின்போது தீயில் கருகி, முன்பக்கம் உருகிப்போன ஒரு கேம்போய், டெட்ரிஸ் விளையாட்டைத் தொடர்ந்து காட்டிக்கொண்டு நியூயோர்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. அந்த நிலையிலும் அதன் திரை உயிரோடிருந்தது.

கேம்போயின் பக்கத்தில் ஒரு சிறிய துவாரம் இருந்தது. இரு கருவிகளை வயர் மூலம் இணைப்பதற்கானது. சில விளையாட்டுகளைத் தவிர அதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை. தேவையற்ற அலங்காரம் என்று அப்போது யாராவது எழுதியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சதோஷி தஜிரி என்ற பூச்சிப் பிரியர், அந்த வயரினூடாகப் பூச்சிகள் ஊர்ந்து ஒரு கருவியிலிருந்து மற்றதற்குப் போவதைக் கற்பனை செய்தார். 1996 பெப்ரவரியில் 'பொக்கிமொன்' வந்தது. எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டுமானால் இன்னொரு பிள்ளையுடன் இணைந்து மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். ஏழு வருடம் சும்மா கிடந்த துவாரம், உலகின் மிகப் பெரிய விளையாட்டு வணிகங்களில் ஒன்றின் நரம்பாகியது. ஆகவே ஓர் அம்சம் வெளிவந்த மாதத்திலேயே தீர்ப்பு எழுதுவதில் அவசரம் கூடாது.

ஆனால் சில தீர்ப்புகளுக்கு மாதங்களே போதும். அமெரிக்காவின் மசசூசெட்ஸில் இருந்த ஒரு நிறுவனம், சிவப்பு எல்.ஈ.டி விளக்குகளையும் அசையும் கண்ணாடியையும் கொண்டு ஒரு புதுவகைக் காட்சித் திரையைச் செய்திருந்தது. கண் ஒன்றுக்கு 224 விளக்குகள் ஒற்றை வரிசையில். கண்ணாடி வேகமாக ஆடும்போது அந்த ஒற்றை வரிசை முழுப் படமாக விரியும். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டினால் ஆழம் தெரியும். யொகோய் இதில் மயங்கினார். முழுக் கறுப்பின் நடுவே படம் மிதப்பது, தொலைக்காட்சிக்குள் அடங்காத ஒரு வெளி என்று அவருக்குப் பட்டது.

சூத்திரம் இங்கேயும் மாறவில்லை. சிவப்பு விளக்கு மலிவு, மின்சாரம் குறைவாகக் குடிக்கும். பிரகாசமான நீல விளக்கு அப்போதுதான் பிறந்திருந்தது, விலை கூட. எனவே சிவப்பும் கறுப்பும் மட்டும். தலையில் அணிவதாகத் தொடங்கிய கருவி, பாதுகாப்புப் பற்றிய அச்சங்களால் மேசையில் நிற்கும் கருவியாக மாறியது. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது. விளையாடுபவர் குனிந்து முகத்தை அதற்குள் புதைக்க வேண்டும். கழுத்து வலித்தது, தலை வலித்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை பெட்டியோடு வந்தது. இதற்கும் ஆறு பற்றரி தேவைப்பட்டது, கேம்போயிடம் தோற்ற போட்டிக் கருவிகளைப் போலவே.

'வேர்ச்சுவல் போய்' 1995 யூலை 21 ஆம் திகதி ஜப்பானிலும் ஓகஸ்டில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. மொத்தமாக 22 விளையாட்டுகள். விற்றது ஏறத்தாழ 770,000. ஜப்பானில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கதை முடிந்தது.

மலிவும் பழமையும் மட்டும் வெற்றியைத் தராது என்பதற்கு இதுவே சாட்சி. என்னுடைய பார்வையில், சிவப்பு நிறம் இதன் பெரிய குறை அல்ல. யொகோயின் வெற்றிகளை வரிசையாகப் பாருங்கள். லவ் டெஸ்டருக்கு இரண்டு கைகள் வேண்டும். கேம்போயின் வயருக்கு இரண்டு பிள்ளைகள் வேண்டும். கேம் அண்ட் வோட்ச் விளையாடுபவரின் தோளுக்கு மேலால் இன்னொருவர் எட்டிப் பார்ப்பார். வேர்ச்சுவல் போய்க்குள் என்ன நடக்கிறது என்பது முகத்தைப் புதைத்தவருக்கு மட்டுமே தெரியும். விளம்பரத்தில் காட்ட முடியாது, கடையில் காட்ட முடியாது, அண்ணன் விளையாடத் தம்பி பார்த்திருக்க முடியாது. இருபது ஆண்டுகளின் பின்னர், தலையின் அசைவைத் தொடரும் உணரிகளோடு அந்தக் கனவு வேறு நிறுவனங்களின் கையில் திரும்பி வந்தது. நின்டெண்டோவே 2011 இல் கண்ணாடி இல்லாமல் ஆழம் காட்டும் 3டிஎஸ் கருவியைக் கொண்டுவந்து, இரண்டே ஆண்டுகளில் அந்த அம்சம் இல்லாத மலிவான 2டிஎஸ் கருவியையும் விற்றது. ஆழம் போனதற்காக விளையாட்டுகள் எதுவும் ஆட முடியாமல் போகவில்லை. எடுத்துவிட்டாலும் விளையாட்டு அப்படியே இருக்கிறதா என்பதும் ஒரு நல்ல சோதனைதான். திசைத் தட்டை எடுத்துவிட்டால் மாரியோ நடக்க மாட்டான்.

தோல்விக்குத் தண்டனையாக யொகோய் வெளியேற்றப்பட்டார் என்று ஒரு கதை நீண்டகாலம் உலவியது. அவர் அதை மறுத்தார். ஐம்பது வயதளவில் விலகித் தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் தனக்கு முன்பே இருந்ததாக விளக்கினார். தோல்வியோடு போகாமல், இரண்டு சிறிய பற்றரிகளில் ஓடும் மெலிந்த 'கேம்போய் பொக்கெட்' கருவியை 1996 யூலையில் முடித்துக் கொடுத்துவிட்டு, ஓகஸ்ட் 15 ஆம் திகதி விலகினார். முப்பத்தொரு ஆண்டுச் சேவை. கியோட்டோவிலேயே 'கொட்டோ' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கைக்கருவியை வடிவமைக்கத் தொடங்கினார்.

1997 ஒக்டோபர் 4 ஆம் திகதி, இஷிகாவா மாகாணத்தின் ஹொகுரிகு அதிவேக நெடுஞ்சாலையில் அவர் பயணித்த கார் முன்னால் சென்ற பாரவூர்தியில் மோதியது. சேதத்தைப் பார்ப்பதற்காக இறங்கிய யொகோயை, பின்னால் வந்த இன்னொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் வடிவமைக்கத் தொடங்கிய 'வொண்டர்ஸ்வான்' 1999 மார்ச் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 4,800 யென். நிறம் இல்லை. படுக்கையாகவும் பிடிக்கலாம், நிமிர்த்தியும் பிடிக்கலாம். அதனுடன் வெளிவந்த, உடைந்த கோடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் புதிர் விளையாட்டுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். கருவிக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு பென் பற்றரி.